கைக்குழந்தையும் ஆகாயப் பயணமும்

திருச்சிராப்பள்ளி மலைமேல் எழுந்தருளியிருக்கும் இறைவனுக்குத் தாயுமானவர் என்னும் பெயர் வந்த கதையை நேயர்கள் பலரும் அறிவீர்கள். ஆயினும், இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கு அதுவே தக்க தோற்றுவாய் ஆதலால், அதனைச் சுருக்கமாக நினைவூட்டுகிறேன். இரத்தினாவதி என்ற வணிகர் குலப் பெண் இவ்வூரில் நிறைசூலியாக இருந்தாள். அவளுடைய பேறுகாலத்தில் உடனிருப்பதற்காகத் தாய் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து புறப்பட்டாள். வழியில் காவிரி பெருக்கெடுத்தது. ஓடம் செல்லவில்லை. தாய் அக்கரையில் நின்று தவித்தாள். மகள் இக்கரையில் வலியால் துடித்தாள். அப்போது இறைவனே அந்தத் தாயின் வடிவில் வந்து மகப்பேறு பார்த்தார் என்றும், வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்தபின் மறைந்தார் என்றும் தல வரலாறு கூறும். இன்றும் கருவுற்ற பெண்கள் சுகப்பிரசவம் வேண்டி அச்சந்நிதியில் வாழைத்தார் செலுத்துகிறார்கள்.

இக்கதையை ஆண்டுக் கணக்கில் அடைக்க இயலாது. ஆனால், நம் ஊர்க் குடும்பங்களின் பழைய கவலை ஒன்று இதனுள் இருக்கிறது. குழந்தை ஓரிடத்திலும் அதனைப் பார்க்க வேண்டியவர்கள் வேறிடத்திலும் இருந்தால், இடையே நிற்பது என்ன என்பதே அக்கவலை. அன்று இடையே நின்றது காவிரி. இன்று காவிரியைப் பாலத்தின் மேல் கடந்துவிடுகிறோம். கடலையும் நான்கு மணி நேரத்தில் கடக்கிறோம். ஆயினும் சில வேளைகளில் அக்கரையிலேயே நின்றுவிடுகிறோம். இப்போது நம்மை நிறுத்துவது வெள்ளம் அன்று, விதி.

திருவானைக்காவலில் என் வீட்டுக்கு இருபுறமும் உள்ள வீடுகளைப் பாருங்கள். ஒரு வீட்டின் மகன் கோலாலம்பூரில். மற்றொரு வீட்டின் மகள் துபாயில். என் மகளோ சிங்கப்பூரில். தலைப்பிரசவத்துக்குப் பெண் பிறந்தகம் வருவது நம் வழக்கம். ஆனால், கருவுற்று ஏறத்தாழ முப்பத்தாறு வாரம் கடந்தவரைப் பெரும்பாலான விமானக் கம்பெனிகள் ஏற்றுவதில்லை. ஆகவே, மகள் வருவதற்கு மாறாகத் தாய் போகிறாள். என் மனைவியும் அவ்வாறே போனாள். பேற்று மருந்தும் வசம்பும் கட்டிக்கொண்டு சென்ற அவளை எந்த வெள்ளமும் தடுக்கவில்லை. தடை பின்னால் வந்தது. அதைச் சொல்வதற்குமுன், குழந்தைகள் இவ்வூரிலிருந்து எவ்வெவ்வாறு பயணம் செய்தார்கள் என்ற வரலாற்றைச் சற்றே பார்ப்போம்.

நாகப்பட்டினத்திலிருந்து வந்த இருப்புப்பாதை திருச்சிராப்பள்ளியைத் தொட்டது 1862-ஆம் ஆண்டில். அதன்பின் நம்மவர் கடல் கடக்க இரு வழிகள் இருந்தன. இலங்கை செல்வோர் இராமேசுவரத் தீவின் முனையிலுள்ள தனுஷ்கோடி வரை இரயிலிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும் சென்றனர். 1914-இல் தொடங்கிய அவ்வழி, 1964 டிசம்பரில் வீசிய பெரும் புயலில் தனுஷ்கோடியோடு அழிந்தது. மலேயாவும் சிங்கப்பூரும் செல்வோர் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினர். 1926-இல் கட்டப்பெற்ற ரஜூலா என்னும் கப்பலின் பெயரை அறியாத குடும்பம் அக்காலத்தில் தஞ்சை, திருச்சிப் பகுதிகளில் அரிது. 1973 வரை அது சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமாகப் போய்வந்தது.

என் பெரியம்மா 1950-களில் பினாங்கிலிருந்து கைக்குழந்தையோடு கப்பலில் வந்தவர். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்த பயணம் அது. பழைய சேலையைத் தூளியாகக் கட்டினார்களாம். கடல் ஆட்டியபோது தூளியை ஆட்ட வேண்டியிருக்கவில்லையாம். 'பிள்ளை என் மடியில் இருந்த நேரம் குறைவு. ஊர்ப் பெண்கள் மடியில் இருந்த நேரம்தான் மிகுதி' என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். பயணம் ஏறத்தாழ ஒரு வாரம், வசதி குறைவு, ஆனால் மடிக்குக் குறைவில்லை.

அக்கப்பலின் கணக்கேட்டில் அந்தக் குழந்தைக்கு என்ன இடம்? இங்கேதான் வியப்பான செய்தி ஒன்று உள்ளது. கடலில் உயிர்களைக் காப்பதற்கென உலக நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை, 'பயணி' என்பவர் யார் என்று வரையறுக்கிறது. மாலுமிகளும் கப்பலில் பணிபுரிவோரும் பயணிகள் அல்லர் என்று கூறிவிட்டு, ஒரு வயது நிரம்பாத குழந்தையும் பயணி அன்று என்று கூறுகிறது. 1974-ஆம் ஆண்டின் உடன்படிக்கையிலும் இவ்வரையறை இருக்கிறது. நம் நாட்டின் 1958-ஆம் ஆண்டு வாணிபக் கப்பல் சட்டமும் இவ்வாறே கூறியது. தாயின் கணக்கில் குழந்தை உலகமே. கப்பலின் கணக்கில் அஃது எண்ணிக்கைக்கு உட்படாத ஒன்று.

இரயில் இதனினும் தாராளமாகவே நடந்துகொண்டது. இன்று ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கட்டணம் இல்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வரை அரைக் கட்டணம். ஆனால், 2016 ஏப்ரல் முதல், அவ்வயதுக் குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டுமெனில் முழுக் கட்டணம் செலுத்த வேண்டும். இவ்விதியின் உட்பொருளைக் கவனியுங்கள். வயதுக்கு ஒரு கணக்கு. இடத்துக்கு ஒரு கணக்கு. இவ்விரண்டும் வேறு வேறு என்பதை நம் நாட்டு விதி ஒன்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

இனி ஆகாயத்துக்கு வருவோம். ஜே. ஆர். டி. டாட்டா 1932 அக்டோபர் 15-ஆம் நாள் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டிவந்தார். அத்தபாலை அங்கிருந்து சென்னைக்குக் கொண்டுவந்தவர் அவருடைய கூட்டாளியான நெவில் வின்சென்ட். 1938-இல் அந்தச் சேவை திருச்சிராப்பள்ளி வழியாகக் கொழும்புக்கு நீட்டப்பெற்றது. தபால் மூட்டைக்காகப் பிறந்த விமானத்தில் மனிதர் பின்னர் ஏறினர். மனிதருக்காக அமைந்த இருக்கைகளுக்குக் குழந்தை அதற்கும் பின்னர் வந்தது. இந்த வரிசை நினைவில் இருக்கட்டும். திருச்சி விமான நிலையம் 2012-இல் சர்வதேச நிலையமாக அறிவிக்கப்பட்டது. புதிய பெருங்கட்டடம் 2024 ஜனவரி 2-ஆம் நாள் திறக்கப்பட்டது.

விமானக் கம்பெனிகள் தொடக்கத்தில் குழந்தைகளை முற்றிலும் மறந்திருந்தன என்று சொல்வது நியாயமன்று. 1930 மே 15-ஆம் நாள் அமெரிக்காவில் எல்லன் சர்ச் என்பவர் உலகின் முதல் விமானப் பணிப்பெண்ணாகப் பணியேற்றார். அவர் பயிற்சி பெற்ற செவிலியர். அவரோடு சேர்க்கப்பட்ட எழுவரும் செவிலியரே. நோயுற்றாரையும் அஞ்சினாரையும் குழந்தைகளையும் பேணத் தெரிந்தவர் விமானத்தில் இருத்தல் வேண்டும் என்ற எண்ணமே அதற்குக் காரணம். பின்னர், நெடுந்தூர விமானங்களில் குழந்தைக்கென்று சிறு தொட்டிலும் வந்தது. முன்வரிசைச் சுவரில் மாட்டும் அத்தொட்டில் இன்றும் பெரிய விமானங்களில் உண்டு. நம் தூளியின் தம்பி என்று அதனைச் சொல்லலாம். ஆனால், திருச்சியிலிருந்து புறப்படும் சிறு விமானங்களில் அதற்குச் சுவரும் இல்லை, வசதியும் இல்லை.

கட்டண விதிகளும் உருப்பெற்றன. 1945 ஏப்ரலில் ஹவானா நகரில் விமானக் கம்பெனிகளின் உலகச் சங்கம் அமைந்தது. நாடுகளுக்கிடையே செல்லும் விமானங்களில், இரண்டு வயது நிரம்பாத குழந்தை பெரியவர் மடியில் அமர்ந்தால் பத்தில் ஒரு பங்கு கட்டணம் என்பது நெடுங்கால வழக்கமாயிற்று. இரண்டு வயது நிரம்பினால் தனி இருக்கை கட்டாயம். இந்த இரண்டு வயது என்னும் எல்லைக்கோட்டில்தான் என் குடும்பம் இடறி விழுந்தது.

சென்ற ஆண்டு என் மகள் பேத்தியோடு வந்தாள். வரும்போது குழந்தைக்கு இருபத்திரண்டு மாதம். போகவர இரண்டுக்கும் சேர்த்து முகவர் ஒருவர் மூலம் மடிக்குழந்தைச் சீட்டு வாங்கியிருந்தார்கள். எங்கள் வீட்டிலேயே குழந்தைக்கு இரண்டு வயது நிறைந்தது. அகிலாண்டேசுவரி சந்நிதியில் அர்ச்சனை செய்து, பாயசம் வைத்துக் கொண்டாடினோம். பதினோராம் நாள் இரவு விமான நிலையம் சென்றோம். சீட்டைப் பரிசோதித்த பெண் தம் கணிப்பொறியை ஒருமுறை பார்த்தார். குழந்தையை ஒருமுறை பார்த்தார்.

"சார், குழந்தைக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. தனிச் சீட்டு இல்லாமல் அனுமதிக்க முடியாது."

"இப்போதே வாங்கிவிடுகிறோம், அம்மா."

"விமானத்தில் இடம் இல்லை, சார்."

கம்பெனியின் பெயரைச் சொல்வது என் நோக்கமன்று. அப்பெண் கடுமையாகப் பேசவில்லை. விதியை மாற்றும் அதிகாரமும் அவருக்கு இல்லை. நான் கேட்டது ஒன்றுதான். சீட்டு வாங்கும்போதே குழந்தையின் பிறந்த தேதியை எழுதிக்கொடுத்தோமே. திரும்பும் தேதியும் அங்கேயே இருக்கிறதே. இரண்டையும் கூட்டிப் பார்த்து அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாகாதா? மூன்றாம் வகுப்பு மாணவன் போடும் கணக்கு அது. அதற்கு அவரிடம் விடை இல்லை. குழந்தை மகளின் தோளில் உறங்கிவிட்டது. நள்ளிரவில் பெட்டிகளோடு திருவானைக்காவல் திரும்பினோம். மூன்று நாள் கழித்து, அன்றைய விலைக்குப் புதுச் சீட்டு வாங்கி அனுப்பினோம். என் மகளுக்கு மூன்று நாள் சம்பளம் பிடித்தம்.

வீடு திரும்பிய அவ்விரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கோபம் ஒரு காரணம். நினைவு மற்றொரு காரணம். நான் முப்பதாண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்தவன். பிறப்புச் சான்று அரிதாயிருந்த நாளில், வலக்கையைத் தலைக்குமேல் வளைத்து இடக்காதைத் தொடச் சொல்லி வயதை மதிப்பிட்ட பள்ளிகளை நேயர்களில் மூத்தவர்கள் அறிவார்கள். நானே அவ்வாறு காதைத் தொட்டுப் பள்ளியில் சேர்ந்தவன். பின்னர்ச் சான்றிதழ் வந்தது. நாள் கணக்கு வந்தது. ஒரு ஜூன் மாதம், ஐந்து வயது நிரம்பச் சில நாள்களே குறைந்திருந்த பையனை ஒரு தாய் அழைத்துவந்தாள். கொள்ளிடத்துக்கு அப்பாலிருந்து நடந்து வந்தவள். 'அடுத்த வருஷம் வாங்க, அம்மா' என்றேன். நானும் கடுமையாகப் பேசவில்லை. விதியை மாற்றும் அதிகாரம் எனக்கும் இல்லை என்று எண்ணினேன். மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருக்கலாம், எழுதவில்லை. அடுத்த ஜூனில் அவள் வரவில்லை. அப்பையன் எங்கே படித்தான் என்று நான் விசாரிக்கவும் இல்லை.

ஆதலால், எல்லைக்கோடே வேண்டா என்று நான் சொல்ல மாட்டேன். கோடு எங்கேனும் போடத்தான் வேண்டும். பஸ்ஸில் அரைச் சீட்டுக்காகப் பிள்ளையின் வயதைக் குறைத்துச் சொல்லும் நம்மவரின் திறமையும் எனக்குத் தெரியும். நான் கேட்பதெல்லாம், கோடு எதற்காகப் போடப்பட்டது என்பதைக் கோடு போட்டவர்கள் மறக்கலாகாது என்பதே.

இரண்டு வயது என்னும் கோடு குழந்தையின் பாதுகாப்புக்காகவா போடப்பட்டது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அவசரமாகத் தரையிறங்கும்போது முன்னோக்கித் தள்ளும் விசை எடையைப் போல் ஒன்பது மடங்கு இருக்கலாம் என்று கொண்டு விமானங்களின் அமைப்பு விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. ஒரு வயதுக் குழந்தையின் எடை ஒன்பது கிலோ என்று கொள்வோம். ஒன்பதை ஒன்பதால் பெருக்கினால் எண்பத்தொன்று. எண்பத்தொரு கிலோ பாரத்தைக் கைகளால் பற்றி நிறுத்தவல்ல தாய் யார்? தாயின் கச்சையோடு இணைக்கும் சிறு வளையக் கச்சை நம் நாட்டு விமானங்களில் தரப்படுகிறது. அமெரிக்காவிலோ அதற்கும் அனுமதி இல்லை, வெறுங்கையே துணை.

1989 ஜூலை 19-ஆம் நாள் அமெரிக்காவில் சூ சிட்டி என்னுமிடத்தில் ஒரு பெரிய விமானம் பழுதுற்றுத் தரையில் மோதியது. 296 பேர் இருந்த அவ்விமானத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மடியில் வந்த குழந்தைகள் நால்வர். அவர்களைக் காலடியில் தரையில் கிடத்துமாறு, அன்றைய விதிப்படி, தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன் பெற்றோருக்குச் சொன்னார். நால்வரில் ஒரு குழந்தை உயிரிழந்தது. விதியை ஒழுங்காகச் சொன்ன அந்த அம்மையார், அதன்பின் பல்லாண்டுகள், ஒவ்வொரு குழந்தைக்கும் தனி இருக்கையும் தக்க கச்சையும் வேண்டும் என்று வாதாடினார். விபத்துகளை ஆராயும் அந்நாட்டு வாரியமும் அவ்வாறே பரிந்துரைத்தது. ஆனால், 2005-இல் விமானப் போக்குவரத்துத் துறை அதனைக் கட்டாயமாக்க மறுத்தது. தனிச் சீட்டுக்குப் பணம் கட்ட இயலாத குடும்பங்கள் காரில் செல்வர். சாலையில் இறக்கும் குழந்தைகள் அதனினும் மிகுதியாவர் என்பது அத்துறை கூறிய காரணம். அக்காரணமும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. எனினும், இருபத்து மூன்று மாதக் குழந்தைக்கு மடி போதும் என்றும், இருபத்து நான்கு மாதக் குழந்தைக்குத் தனி இருக்கை இன்றியமையாதது என்றும் சொல்லும் கோடு, கட்டணத்துக்காகப் பிறந்து பாதுகாப்பின் பெயரால் வாழ்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

குழந்தையை எண்ணும் முறைகளில் வேறு விசித்திரங்களும் உண்டு. முன்னாளில் தாயின் பாஸ்போர்ட்டிலேயே குழந்தையின் பெயரை எழுதிவிடுவர். இன்று பிறந்த சில நாளிலேயே குழந்தைக்குத் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். எல்லையில் அது தனி ஆள். விமானத்தில் அது மடிச் சுமை. 2006 ஆகஸ்டில் இலண்டனில் ஒரு சதி வெளிப்பட்டபின், நீர்ப் பொருள்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. அப்போது பால்புட்டியைக் காவலர் முன் தாயே சுவைத்துக் காட்ட வேண்டியிருந்தது. குழந்தையின் பாலுக்கு விலக்கு உண்டு என்பதைப் பயணம் செய்வோர் அறிந்திருத்தல் நலம். விமானம் இறங்கும்போது குழந்தைக்குப் பாலோ நீரோ ஊட்டினால், விழுங்கும் செயலால் காதடைப்பு நீங்கி அழுகை தணியும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.

நம்பிக்கை தரும் மாறுதல்களும் நிகழ்ந்துள்ளன. 2015 ஆகஸ்டில் நம் மாநிலப் பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டத் தனி அறைகள் திறக்கப்பட்டன. அரசுப் பேருந்துகளில் மூன்று வயது வரை இருந்த கட்டணமில்லாப் பயணத்தை ஐந்து வயது வரை நீட்டி 2022 மே மாதம் அறிவிப்பு வந்தது. அதே மாதத்தில் லக்னோ மெயிலில் தாயின் படுக்கையோடு ஒட்டிய சிறு குழந்தைப் படுக்கை பரிசோதனையாக அமைக்கப்பட்டது. பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவருக்கேனும் அருகிலேயே இடம் தர வேண்டும் என்று, 2024 ஏப்ரலில், நம் நாட்டு விமானப் போக்குவரத்து இயக்ககம் கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. அருகில் அமர்வதற்கும் தனிப் பணம் கேட்ட நிலையில் பிறந்த உத்தரவு அது. இவை அனைத்திலும் பொதுவாக ஒன்று உண்டு. குழந்தையின் வயதை மட்டும் எண்ணாமல், அதற்கு எங்கே இடம் என்று யாரோ ஒருவர் கேட்டிருக்கிறார்.

நான் வேண்டுவன பெரியவை அல்ல. குழந்தையின் பிறந்த தேதியையும் திரும்பும் தேதியையும் பெற்றுக்கொள்ளும் கம்பெனி, இடையில் இரண்டு வயது நிரம்புமாயின் பணம் வாங்கும்போதே அதனைச் சொல்லிவிட வேண்டும். அந்த இருக்கைக்கு அன்றைய விலையையே வாங்கி இடத்தைக் குறித்துவைக்க வேண்டும். நள்ளிரவில் குழந்தையோடு நிற்பவரை வீட்டுக்கு அனுப்புமுன், மேலே ஒருவரைக் கேட்டுப் பார்க்கும் உரிமையைச் சாளரத்தில் இருக்கும் பணியாளருக்குக் கொடுக்க வேண்டும். அவ்வுரிமை இருந்தும் பயன்படுத்தாத ஒருவன் இதைச் சொல்கிறான் என்பதை நேயர்கள் அறிவீர்கள்.

எங்கள் ஊர்க் கோயிலில் அகிலாண்டேசுவரி அம்மையின் சந்நிதிக்கு நேர் எதிரே பிள்ளையார் சந்நிதி இருக்கிறது. அம்மையின் உக்கிரத்தைத் தணிப்பதற்காக, பிள்ளையை அவள் கண்ணெதிரே அமர்த்தினார்கள் என்பது வழிவழி வந்த செய்தி. மகளையும் பேத்தியையும் அனுப்பிவைத்த மறுநாள் காலை அங்கே நின்றேன். எத்தனையோ முறை கண்ட காட்சிதான். பிள்ளையைத் தாயின் மடியில் வைக்கவில்லை. தாயின் பார்வைக்கு அப்பாலும் வைக்கவில்லை. தாய் பார்த்துக்கொண்டே இருக்கத்தக்க தொலைவில், அதற்கென்று ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து அன்று மாலை மகள் பேசினாள். குழந்தை தன் இருக்கையில் தானே அமர்ந்து, கச்சையைத் தானே பிடித்துக்கொண்டு, சாளரத்தின் வழியே காவிரியைப் பார்த்ததாம்.